பெரிய கோலம் போட்ட டை: மட்டக்களப்பு வெக்கைக்கு எதை எடுக்க, எப்படிக் கட்ட, எப்படிக் காக்க?

வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வாற ஆவணியில நண்பன்ட கலியாணம். காலையில புளியந்தீவில கோயில், மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் கல்லடியில மண்டபம். நான் மாப்பிள்ளைத் தோழன். கோட் கடும்நீலம். சேர்ட் ரெண்டு இருக்கு: ஒண்டு வெறும் வெள்ளை, மற்றது இளநீலத்தில மெல்லிய கோடு போட்டது.

ஒற்றை நிற டை வேண்டாம். மீன், தாமரை, மாங்காய்க் கோலம் மாதிரி பார்த்தவுடன கண்ணில படுற ஒண்டு வேணும். அதே நேரம் டை மட்டும் தெரிஞ்சு ஆள் தெரியாமப் போகவும் கூடாது.

கோலம் பெரிசா இருந்தா எதைப் பார்த்து எடுக்கிறது? பட்டு எண்டு தாறது பட்டுத்தானா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயரம் 6 அடி 1 அங்குலம், கொலர் 17. எப்படிக் கட்டினாலும் நுனி பெல்ட்டுக்கு எட்டுதில்லை, அதுக்கு என்ன வழி? மருதமுனைக் கைத்தறித் துணியில டை தைக்கலாமா? அதோட, இந்த வெக்கையில வேர்வை பட்டுப் பட்டுத்துணி கெடாம இருக்க என்ன செய்யணும் எண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


பாலத்தடி

தம்பி, கோலத்துக்கு முதல் சேர்ட்டை முடிவு செய்யுங்க. வெள்ளைதான். மெல்லிய கோட்டுச் சேர்ட்டில் பெரிய கோலம் நேரில் ஒத்துப்போகும். ஒன்று நூல் அளவு, மற்றது உள்ளங்கை அளவு. அளவில் அவ்வளவு தூரம் இருந்தால் கண் குழம்பாது. ஆனால் மாப்பிள்ளைத் தோழன் நாள் முழுக்கப் படத்தில் நிற்க வேண்டியவர். நெருக்கமான கோடுகள் கமராவில் அலையலையாக நெளிந்து விழும். பிறகு டையைப் பார்க்க வேண்டிய கண் சேர்ட்டில் போய் நின்றுவிடும்.

அடுத்தது சாரியில் சொல்வோமே, உடல் நிறம். கோலம் எவ்வளவு துள்ளினாலும் டையின் உடல் நிறம் அடங்கி, சேர்ட்டைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். கடும்நீலக் கோட்டுக்கு நாவற்பழ நிறம், கடும்பச்சை, செங்கல் நிறம் மூன்றும் நன்றாக நிற்கும். கோலத்துக்குள் மூன்று நிறத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் ஒன்று கோட்டின் நீலமாக இருந்தால் முழு உடுப்பும் சேர்ந்து நிற்கும். பெண் வீட்டார் தெரிவு செய்த சாரி நிறத்துக்கு அப்படியே பொருத்தப் பார்க்காதீங்க. கிட்டத்தட்டப் பொருந்தி முழுதாகப் பொருந்தாத நிறம் பிழை விட்டதுபோல் தெரியும். ஒன்று தெளிவாக வேறு நிறம் எடுங்க, அல்லது அதே நிறத்தில் இரண்டு படி கடுமையானதை எடுங்க. நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்க. காலையில் கோயில் முற்றத்து வெயில், இரவில் மண்டபத்து மஞ்சள் விளக்கு. இரண்டிலும் அது நிற்க வேண்டும்.

கோலத்தின் அளவில்தான் பலர் பிழை விடுவது. கோட்டைப் பூட்டினால் முடிச்சுக்குக் கீழே வெளியில் தெரிவது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், அகலம் மேலே 5, கீழே 8. நாலைந்து சென்ரிமீற்றர் மீன் என்றால் அந்த இடத்தில் ஐந்தாறு முழு மீன் தெரியும். நுனியில் மட்டும் பெரிய மீன் ஒன்று வரைந்த டை, கோட் பூட்டியதும் வெறும் துணியாகிவிடும். அதனால் மேசையில் விரித்துப் பார்த்து வாங்க வேண்டாம். கட்டி, கோட்டைப் பூட்டி, இரண்டு மீற்றர் தள்ளி நின்று கண்ணாடியில் பாருங்க.

அகலம் 8 முதல் 9 சென்ரிமீற்றர். கோட்டின் மடிப்புக் கொலர் எவ்வளவு அகலமோ, டையும் அதற்குக் கிட்ட வர வேண்டும். 6 சென்ரிமீற்றர் ஒல்லி டையில் பெரிய கோலம் வெட்டுப்பட்டு, என்ன படம் என்றே தெரியாது. வீட்டில் 1970களின் கை அகல டை கிடந்தால் எறிய வேண்டாம். பின்தையலைப் பிரித்து, உள்துணியை ஒடுக்கி, திரும்பத் தைக்கலாம். அந்தக் காலத்துக் கோலங்கள் இன்றைக்குக் கடையில் கிடைப்பதைவிடத் துணிச்சலானவை.

இனித் தையல். நல்ல டையின் துணி 45 பாகையில் குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். 1920களில் நியூயோர்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ஃப் என்ற டை தைப்பவர், துணியைக் குறுக்காக வெட்டி மூன்று துண்டாகப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கும் அதுதான் முறை. குறுக்கு வெட்டுத்தான் டைக்கு இழுவையைக் கொடுப்பது. முடிச்சை அவிழ்த்ததும் பழைய நிலைக்கு வரச் செய்வதும் அதுதான். சோதிக்க, டையை நடுவில் ஒரு விரலில் தொங்க விடுங்க. இரண்டு பக்கமும் நேராக விழுந்தால் சரி. ஒரு பக்கம் முறுக்கிச் சுழன்றால் வெட்டுச் சாய்வு பிழை. அந்த டை ஒருநாளும் நேராக நிற்காது.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, ஒடுங்கிய முனைக்கு உள்ளே பாருங்க. தளர்வான நூல் வளையம் ஒன்று தெரிய வேண்டும். முழு நீளத்துக்கும் ஓடும் ஒற்றை நூலின் நுனி அது. டை இழுபடும்போது அந்த நூல் வழுக்கிக் கொடுக்கும், அதனால் தையல் அறாது. மெசினால் இறுக்கித் தைத்ததில் இந்த வளையம் இருக்காது. கையில் பிடித்துக் கசக்கி விடுங்க. உள்ளே கம்பளிக் கலப்புத் துணி இருந்தால் கொஞ்ச நேரத்தில் சுருக்கம் தானாக நீங்கும். காகிதம்போல் மொறமொறத்தால் வாங்காமல் திரும்ப வையுங்க.

பட்டா இல்லையா என்று தொட்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டைச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு இடம் மாறும், நிறமும் கொஞ்சம் மாறும். பொலியெஸ்ரர் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே வெள்ளை மினுக்கம். நெய்த கோலமா அச்சடித்ததா என்று நுனியின் உள்பக்கத்தில் தெரியும்: அச்சு என்றால் உள்ளே நிறம் மங்கும், நெய்தது என்றால் பின்னால் நூல் ஓட்டம் இருக்கும். முழு உறுதி வேண்டுமென்றால் வாங்கிய பிறகு, உள்மடிப்பிலிருந்து துணியின் நூல் ஒன்றை இழுத்துக் கொளுத்துங்க. தைத்த நூலை எடுக்க வேண்டாம். பட்டு டையையும் பொலியெஸ்ரர் நூலால் தைத்திருக்கலாம். பட்டு என்றால் முடி கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்.

ஒன்று மறந்துவிடப் பார்த்தேன். கோலத்தை விட்டுச் சரிவுக் கோட்டு டை பக்கம் போவதென்றால், புனித மிக்கேல், மெதடிஸ்த மத்திய கல்லூரி, சிவானந்தா போன்ற பாடசாலைகளின் பழைய மாணவர் டைக்குக் கிட்ட வராத நிறங்களாகப் பாருங்க. படிக்காத பாடசாலையின் கோடு போட்ட டையைக் கட்டிக்கொண்டு நிற்பது அங்கே படித்தவர்களுக்கு மரியாதையாக இராது.


தையல்மேசை

வணக்கம் தம்பி, கல்முனையிலிருந்து. நீளத்துக்கு வாறன்.

கடையில் கிடைக்கும் சாதாரண டை 145 முதல் 150 சென்ரிமீற்றர். 17 கொலரைச் சுற்றவே அதில் 45 சென்ரிமீற்றர் போய்விடும். உங்கட உயரத்துக்கு 155 முதல் 160 வரை உள்ள நீள டை கேட்டு எடுங்க. கிடைக்காவிட்டால் முடிச்சை மாற்றுங்க. முழு வின்சர் முடிச்சு, சின்ன முடிச்சைவிட 10 சென்ரிமீற்றர் அளவுக்குக் கூடுதலாகத் துணி தின்னும். நீங்க இழக்கிறது அதைத்தான். டைக்கு 85 வகை முடிச்சுப் போடலாம் என்று தோமஸ் ஃபிங்க், யோங் மாவோ என்ற கேம்பிரிட்ஜ் பௌதிகவியலாளர் இருவர் 1999இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரிய கோலத்துக்கு ஒன்று போதும்: ஃபோர் இன் ஹேண்ட், பாடசாலைப் பிள்ளைகள் கட்டுகிற அந்தச் சின்ன முடிச்சு. முடிச்சு பெருத்தால் அதற்குள் அரை மீனும் கால் தாமரையும் மடிந்து கிடந்து, கீழே உள்ள கோலத்தோடு சண்டை பிடிக்கும். சின்ன முடிச்சில் நிறம் மட்டும்தான் தெரியும்.

கட்டும் விதம். கொலரை நிமிர்த்தி, மேல் பொத்தானைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்க. அகல முனை வலது கைப்பக்கம், ஒடுங்கியதைவிட 30 சென்ரிமீற்றர் கீழே தொங்கட்டும். அகலத்தை ஒடுக்கத்துக்கு மேலால் இடப்பக்கம் கொண்டு போங்க. கீழால் சுற்றி வலப்பக்கம் எடுங்க. திரும்ப முன்னால் இடப்பக்கம். இப்ப கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு, முன்னால் விழுந்த சுற்றுக்குள்ளால் கீழே இறக்குங்க. இறுக்க முதல், முடிச்சுக்குக் கீழே துணியின் நடுவைச் சுட்டுவிரலால் உள்ளே அமத்தி, இரண்டு ஓரத்தையும் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொண்டு இழுங்க. அந்தக் குழி விழுந்தால்தான் டை தட்டையாக ஒட்டாமல் நெஞ்சிலிருந்து கொஞ்சம் எழும்பி விழும். கோலத்தின் மேல் நிழலும் வெளிச்சமும் வரும். முடிச்சைப் பிடித்து மேலே ஏற்றாதீங்க. ஒடுங்கிய முனையைக் கீழே இழுத்துக்கொண்டு முடிச்சை வழுக்க விடுங்க.

நுனி பெல்ட் வளையத்தின் நடுவில் நிற்க வேண்டும். மேலே நின்றால் அவிழ்த்து, தொடக்க இடைவெளியைக் கூட்டிக் கட்டுங்க. ஒடுங்கிய முனை நெஞ்சு மட்டத்தில் நின்றாலும் பிரச்சினை இல்லை, அகல முனைக்குப் பின்னால் மறைந்தால் போதும். பின்னால் உள்ள துணி வளையத்துக்கு எட்டாவிட்டால்தான் அங்கால் இங்கால் ஆடும். அதற்குக் கிளிப் போடுங்க.

சேர்ட் கொலர் அகல விரிந்த வகை என்றால் சின்ன முடிச்சுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை இடைவெளி தெரியும். அப்ப அரை வின்சர் போடலாம், ஆனால் நீள டை கிடைத்தால் மட்டும். கொலர் நுனிக்குள் பிளாஸ்ரிக் தகடு வைக்க இடம் இருந்தால் வையுங்க. வேர்வையில் நனைந்த கொலர் நுனி மேலே சுருண்டால் நல்ல முடிச்சும் கெட்டுத்தான் தெரியும்.

கிளிப்பை மேலிருந்து மூன்றாம், நாலாம் பொத்தானுக்கு நடுவில் போட்டு, சேர்ட்டின் பொத்தான் பட்டியையும் டையின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்க வேணும். ஆவணியில் கச்சான் காற்று. கோயில் முற்றத்தில் படம் எடுக்கும்போது டை முகத்தில் வந்து அடிக்கும். கோலம் போட்ட டைக்குக் கிளிப் வெறும் வெள்ளி நிறத்தில், டை அகலத்தின் முக்கால்வாசிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கோட் பையில் வைக்கும் லேஞ்சி (கைக்குட்டை) டையின் அதே துணியில் வேண்டாம், வெள்ளைப் பருத்தி போதும். கடையில் இரண்டையும் ஒரு பெட்டியில் சோடியாகத் தருவார்கள். டையை மட்டும் பாவியுங்க.

அவிழ்ப்பதுதான் எல்லாரும் கெடுக்கிற இடம். ஒடுங்கிய முனையை வெடுக்கென்று உருவினால் உள்துணி முறுகும், முனை நூல் அறும். கட்டின வழியாலேயே திரும்ப அவிழுங்க. முடிச்சோடு தலையால் கழற்றி ஆணியில் மாட்டினால் ஒரு மாதத்தில் அந்த இடம் நிரந்தர வடுவாகிப் போகும்.


தறிக்குழி

மருதமுனைத் துணியில் டை தைக்கலாம், அழகாக வரும். ஆனால் எந்தத் துணி என்று பார்க்க வேணும். சாரிக்கு நெய்த மெல்லிய பருத்தி நல்லது. சாரன் துணியும் பரவாயில்லை. கட்டில் விரிப்பு, திரைச்சீலைத் துணி கூடாது; முடிச்சு எலுமிச்சம்பழம்போல் திரண்டு நிற்கும். சரிகை ஓடிய கரைப் பகுதியை முடிச்சு விழும் இடத்துக்கு எடுக்காதீங்க. சரிகை நூல் மடிந்து மடிந்து உடைந்து, வெளியே குத்தும்.

110 சென்ரிமீற்றர் அகலத் துணியில் 75 முதல் 80 சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் இரண்டு நீளத் துண்டும் குறுக்கே வெட்ட வரும். உங்களுக்கு நீள டை, அதிலும் கோலம் நடுவில் விழ வேணும் என்றால் 1 யார் எடுங்க. வெட்ட முதல் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நிழலில் காய விடுங்க. கைத்தறிப் பருத்தி முதல் நனைவில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் முழுக்க அலை விழும். நனைக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி மேலே தேய்த்துப் பாருங்க. நிறம் ஒட்டினால் அது உங்கட வெள்ளைக் கொலரிலும் ஒட்டும், வேர்வையில் இன்னும் கூட. கடும் சிவப்பிலும் கடும் நீலத்திலும்தான் இது கூடுதலாக நடக்கும். பத்திக் துணிக்கும் இதே சோதனை. அதில் மெழுகு முழுதாகப் போகாமல் இருந்தால் மடிப்பில் வெண்கோடு விழும்.

தையல்காரருக்குச் சொல்ல வேண்டிய அளவு இது. தைத்து முடிய 8.5 சென்ரிமீற்றர் வர வேணும் என்றால் அகல முனையில் துணி 20 சென்ரிமீற்றர் வெட்ட வேணும். கழுத்துப் பகுதி முடிந்த அளவு 3.5, ஒடுங்கிய முனை 5. துண்டுகளை இணைக்கும் தையல் குறுக்குச் சாய்வில் ஓட வேணும், நேர்க்கோட்டில் இல்லை. நேராகத் தைத்தால் கழுத்துக்குப் பின்னால் கட்டி விழுந்து உறுத்தும். உள்துணியும் குறுக்காகத்தான் வெட்ட வேணும். மேல் துணி சாய்வு, உள்துணி நேர் என்றால் ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது, டை முறுக்கும். பழைய பட்டு டை ஒன்றின் உள்துணியைக் கழற்றிப் பாவிக்கலாம். அயன் பண்ணி ஒட்டுகிற கன்வஸ் மட்டும் வேண்டாம். கொலருக்கு அது நல்லது, டையை மட்டையாக்கிவிடும்.

நடுத்தையலைக் கையால்தான் போட வேணும். ஒற்றை நூல், ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு தையல். இரண்டு மடிப்பையும் உள்துணியையும் பிடிக்க வேணும், முன்பக்கத்தைக் குத்தக் கூடாது. முனையில் 3 சென்ரிமீற்றர் நூலை வளையமாக விட்டு முடியுங்க. இரண்டு முனையிலும் மடிப்புச் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கெட்டித் தையல் வர வேணும். இழுவை எல்லாம் அந்த இடத்தில்தான்.

ஒரு விசயம் மனதில் வையுங்க. நேர்க்கோடு நெய்த துணி குறுக்காக வெட்டினால் சரிவுக் கோடாகும், கட்டம் வைரமாகும். தறியில் நிற்கும்போது பார்த்த கோலம் கழுத்தில் வேறு கோலம். வெட்ட முதல் துணியின் ஒரு மூலையைச் சாய்வாக மடித்து நெஞ்சில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பிரித்தானிய வழக்கில் கோடு இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும், அமெரிக்கர் அதைத் திருப்பி வெட்டுவார்கள். எந்தப் பக்கம் வேணும் என்று வெட்ட முதலே சொல்லிப்போடுங்க.


சாய்ந்தமருது_இளையவன்

அஸ்ஸலாமு அலைக்கும். தறிக்குழி காக்கா, எங்களுக்கும் ஒரு கேள்வி. மச்சானுக்கு நிக்காஹ் விருந்துக்குக் கோட்டும் டையும். ஆண்கள் பட்டு உடுக்கக் கூடாது என்பதைப் பேணுகிற குடும்பம். ஆனா கடையில நல்ல கோலம் எல்லாம் பட்டில்தான் வருது. பொலியெஸ்ரர் வெக்கையில எப்படி?


தறிக்குழி

வஅலைக்கும் ஸலாம் தம்பி. அதற்குத்தான் கைத்தறிப் பருத்தி கைகொடுக்கும். பருத்தியும் லினனும் மங்கலான மேற்பரப்பு, மினுக்காது. அதனால் பெரிய கோலத்தையும் துணிந்து போடலாம், கண்ணைக் குத்தாது. குறை என்னவென்றால் சுருக்கம் விழும், முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். உள்துணியைக் கொஞ்சம் தடிப்பாக வைத்தால் இரண்டும் குறையும். மெல்லிய கம்பளி டையும் நல்லது. கம்பளி என்றதும் சூடு என்று நினைக்க வேண்டாம். டை தொடுவது கொலரைத்தானே, தோலை இல்லை. பருத்தி நூலில் பின்னிய, நுனி சதுரமான டையும் உண்டு. அது காற்று விடும், ஆனால் நுணுக்கக் கோலம் அதில் வராது. பட்டைக் கோடும் புள்ளியும்தான். பொலியெஸ்ரர் வேர்வையை உறிஞ்சாது, நனைந்த கொலரோடு ஒட்டும். நிறம் மட்டும் நன்றாக நிற்கும்.

வாங்கும்போது நுனியின் உள்பக்கம் வைத்துத் தைத்த துணியையும் பாருங்க. மேலே பருத்தி, உள்பக்கம் பட்டு வைத்துத் தைப்பதும் உண்டு. ஆருக்கும் டை அன்பளிப்புக் கொடுக்கிற ஆக்களும் இதைக் கேட்டுக்கொண்டு வாங்கினால் நல்லது.


வெள்ளாவி

துணி துவைக்கும் தொழில் பக்கம் இருந்து எழுதுகிறேன். பட்டை இந்த ஊரில் கெடுப்பது வேர்வையும் மழைக்கால ஈரமும்தான். அழுக்கு அதற்குப் பிறகுதான்.

வேர்வையில் உப்பு இருக்கிறது. கழுத்துப் பகுதியில் அது காய்ந்து காய்ந்து சாயத்தை மாற்றி, நூலைப் பலவீனமாக்கும். அதனால் கட்டும் முன் கழுத்தைத் துடைத்து நன்றாகக் காய விடுங்க. வாசனைத் திரவியத்தை உடுப்புப் போட முதலே அடித்து ஐந்து நிமிடம் பொறுங்க; அதில் உள்ள மதுசாரம் பட்டில் வளையம் போடும். அத்தர் எண்ணெய், அது டையில் படவே கூடாது. கழற்றியதும் சுருட்டி வைக்க வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் நாலைந்து மணித்தியாலம் தொங்க விட்டுக் காய்ந்த பிறகு சுருட்டுங்க. அடுத்த நாளும் அதையே கட்டாதீங்க. சுருக்கம் மீள ஒரு நாளாவது வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் டையைத் தோளில் எறிவதைவிடக் கழற்றி, லேஞ்சியில் சுற்றிக் கோட்டின் உள்பைக்குள் வைப்பது நல்லது. சஹனில் (ஒரே பெரிய தட்டில்) சேர்ந்து குனிந்து சாப்பிடும் இடத்தில் வேறு வழியே இல்லை.

அப்படியும் கறி பட்டால் தண்ணீரும் சவர்க்காரமும் எடுத்து ஓடாதீங்க. மஞ்சளின் நிறம் சவர்க்காரத்தின் காரத்தில் சிவப்பாகும், தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். கரண்டி ஓரத்தால் கெட்டியை வழித்து எடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றுங்க. தேய்க்க வேண்டாம். எண்ணெய் மட்டும் என்றால் வாசனை இல்லாத முகப்பவுடரோ சோளமாவோ தடிப்பாகத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையான தூரிகையால் தட்டுங்க. தேவைப்பட்டால் இரண்டாம் தடவையும் செய்யலாம். மஞ்சள் கறையோடு டிரை கிளீனுக்குக் கொடுக்கும்போது இது மஞ்சள், இத்தனை நாளாயிற்று என்று சொல்லிக் கொடுங்க. கறையின் பெயர் தெரிந்தால்தான் மருந்து சரியாகும். மஞ்சள் நிறம் வெயிலில் மங்கும் என்பது உண்மைதான். வெளிர்நிறப் பருத்தி, பொலியெஸ்ரர் டைக்கு அந்த வழி சரி. பட்டுக்குச் செய்தால் மஞ்சளோடு சாயமும் போகும்.

வெறும் தண்ணீர்த் துளி பட்டுப் பட்டில் வளையம் விழுந்தால், முதலில் ஒற்றிக் காய விட்டு, அதே டையின் ஒடுங்கிய முனையால் மெதுவாக உரசுங்க. பல நேரம் மறையும்.

அடிக்கடி டிரை கிளீன் கொடுக்க வேண்டாம். அழுத்தித் தேய்த்துத் தரும் இடத்தில் ஓரம் தட்டையாகிவிடும், நல்ல டையின் உருண்ட ஓரம் திரும்ப வராது. கொடுத்தால் “அயன் பண்ண வேண்டாம்” என்று சொல்லிக் கொடுங்க.

சுருக்கத்துக்கு ஆவி போதும். கொதிக்கும் கேத்தலுக்கு மேலே 15, 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஆவி மட்டும் படட்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு தொங்க விடுங்க.


தையல்மேசை

வெள்ளாவி அக்கா, பருத்தி டைக்கு ஆவி மட்டும் காணாது, அயன் வைக்கத்தான் வேணும். ஆனால் வெறும் டையில் வைத்தால் பின்தையலின் அடையாளம் முன்னால் தெரியும். டையின் உள் அளவுக்கு ஒரு மட்டை வெட்டி உள்ளே நுழைத்து, மேலே ஈரமான வெள்ளைத் துணி போட்டு, அயனை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்கலாம். ஓரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் நிறுத்துங்க.


வெள்ளாவி

ஓம், பருத்திக்கு அது சரி. பட்டுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

இனி வைப்பது. நெய்த டைகளை அலுமாரியில் தொங்க விடலாம். பின்னிய டையை ஒருநாளும் தொங்க விடக் கூடாது, தன் பாரத்தில் தானே நீளும். கலியாணத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் கழித்து ஒருமுறை கட்டும் டை என்றால் சுருட்டி வைப்பதே நல்லது: நடுவில் இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து தளர்வாகச் சுருட்டுங்க.

ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி என்றால் இன்னும் கூட. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்க. காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பையில் போட்டு மூடினால் ஏற்கெனவே துணியில் இருந்த ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு பெட்டியில் வைத்து, மழை விட்ட நாளில் திறந்து காற்றுக் காட்டுங்க. அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும். அழுக்கும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். ஆகவே கறையோடு எடுத்து வைக்க வேண்டாம். நப்தலீன் உருண்டை போடுவதென்றால் சின்னத் துணிப் பையில் கட்டி, டையில் படாமல் மூலையில் வையுங்க. உருண்டை தொட்ட இடத்தில் கறை நிற்கும், மணமும் இலேசில் போகாது. பழைய பேப்பரில் சுற்றாதீங்க, மை ஒட்டும்.

நூல் ஒன்று இழுபட்டு வெளியே வந்தால் வெட்டாதீங்க. மெல்லிய ஊசியால் உள்பக்கம் இழுத்து விடுங்க. பின்தையல் நூல் அறுந்தால் அன்றைக்கே தைக்கக் கொடுங்க, கட்டிக்கொண்டு திரிந்தால் முழு நீளத்துக்கும் பிரிந்துவிடும்.


வாவிக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. வெள்ளைச் சேர்ட், நாவற்பழ நிற உடலில மீன் கோலம், 158 சென்ரிமீற்றர், சின்ன முடிச்சு எண்டு முடிவு செய்திட்டன். மருதமுனையில 1 யார் எடுத்து ரெண்டாவது டை ஒண்டும் தைக்கப் போறன். கடைசியா ஒண்டு: மண்டப வாசலில பன்னீர் தெளிப்பாங்க, சந்தனமும் வைப்பாங்க. அதுக்கு என்ன செய்யிறது?


வெள்ளாவி

பன்னீர் தெளிக்கும்போது கோட்டைப் பூட்டி, டைக்கு மேல் கையை வையுங்க. பட்டால் உடனே லேஞ்சியால் ஒற்றி, அப்படியே காய விடுங்க. சந்தனம் ஈரமாக இருக்கும்போது தொடாதீங்க, பரவும். முழுக்கக் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டாமல் டையைப் பின்பக்கமிருந்து விரலால் சுண்டி விடுங்க, பொடியாக விழும். மிச்சத்துக்கு மென்மையான பல்தூரிகை, துணியின் ஓட்டத்தோடு மேலிருந்து கீழாக.